வீவக வீட்டில் எல்லை காக்கும் நாய்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மிளகு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஒன்றரை வயது இருக்கும். சிங்கப்பூரில் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் கலப்பின நாய்களைத் தத்தெடுக்க வழிசெய்யும் புராஜெக்ட் அடோர் திட்டத்தின் வழியாக எடுத்த கலப்பினம், 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று சொல்வார்களே, அந்த வகை. முதல் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. "ஊமை நாயாப் பார்த்துக் கொண்டுவந்துட்டியாம்மா?" என்று மாமியார்கூடக் கேட்டார். நான்காவது மாதம் ஒரு மத்தியானம் பார்சல்காரர் கேட்டைத் தட்டினார். அன்றைக்குத் திறந்த வாய்தான்.

புது வீட்டுக்கு வந்த நாய் முதலில் அடக்கித்தான் வாசிக்கும். இந்த இடம் நம்முடையது என்று மனத்தில் பதிந்த பிறகே காவல் வேலை தொடங்கும். அதோடு, நாய்கள் மனத்தளவில் முதிர்வது ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள். குட்டியாக இருந்தபோது எல்லாரிடமும் வாலாட்டிய நாய் இரண்டு வயதில் வாசலில் நின்று கத்துவது அதனால்தான். யாரும் அதைக் கெடுத்துவிடவில்லை.

கொஞ்சம் நாயின் பக்கமிருந்து பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் வாசலுக்கு வருகிறார். நாய் குரைக்கிறது. அவர் பார்சலை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அடுத்த வீட்டுக்குப் பார்சல் கொடுக்க அவர் எப்படியும் போகத்தான் வேண்டும், ஆனால் நாய்க்கு அது தெரியாது. தான் குரைத்ததால் ஓடினார் என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. ஒரு நாளைக்கு முப்பது பேர் தாண்டிப்போகிற தாழ்வாரத்தில் அதற்கு முப்பது வெற்றி. குரைப்பது வேலை, ஆள் போவது சம்பளம். சம்பளம் ஒழுங்காக வருகிற வேலையை யார் விடுவார்கள்? கீழே சொல்லியிருக்கிற எல்லாமே அந்தச் சம்பளத்தை நிறுத்திவிட்டு வேறொரு வேலைக்கு நல்ல சம்பளம் கொடுக்கிற ஏற்பாடுதான்.

முதலில்: இது எல்லைக் காவல்தானா?

பழைய கைப்பேசி ஒன்றைத் தொலைக்காட்சிப் பெட்டிமேல் சாய்த்துவைத்து, வாசல் தெரிகிற மாதிரி இரண்டு நாள் படம்பிடியுங்கள். வீட்டில் ஆள் இருக்கும்போதும் வேண்டும், இல்லாதபோதும் வேண்டும்.

யாரும் இல்லாதபோது மட்டும் ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டினால் அது பிரிவுத் துயரம். கீழே உள்ளவை அதற்கு உதவாது. உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் குரைத்தால் ஏதோ கேட்கிறது, அவ்வளவுதான். வீட்டிலும் பூங்காவிலும் காப்பிக்கடைப் பக்கமும், எங்கே போனாலும் அந்நியரைப் பார்த்துக் கத்தினால் அது பெரும்பாலும் பயம்.

எல்லைக் காவலுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டு புளோக் தள்ளிப் போய் ஒரு பெஞ்சில் உட்காருங்கள். அங்கே ஆட்கள் தாண்டிப்போகும்போது சும்மா இருக்கிற நாய், உங்கள் மாடியில் மின்தூக்கிக் கதவு திறந்தவுடன் விறைக்கிறதா? அப்படியென்றால் அதற்கு எல்லைதான் பிரச்சினை.

உடம்பையும் படியுங்கள். எல்லை காக்கிற நாய் எடையை முன்னங்காலில் போட்டு, வாலை உயர்த்தி, காதை முன்னால் தள்ளி நிற்கும். வால் ஆடினாலும் குச்சி மாதிரி விறைப்பாக ஆடும். பயந்த நாய் வாலை இறக்கும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். பல நாய்களிடம் இரண்டும் கலந்தே இருக்கும். மிளகு முன்னால் பாய்வான், ஆனால் படத்தை நிறுத்திப் பார்த்தால் பின்னங்கால் இரண்டும் பின்வாங்கத் தயாராக நிற்கும். பயத்தில் கத்துகிறவனை அதட்டினால் பயம்தான் கூடும்.

கேட்டுப் பக்கம் யார் போனாலும் குரைக்கிறது

இங்கே இதுதான் தலையாய புகார். காரணம் நம் வீடுகளின் அமைப்பு. காற்றுக்காக மரக்கதவைத் திறந்துபோட்டு இரும்பு கேட்டை மட்டும் பூட்டி வைக்கிறோம். தாழ்வாரத்தில் போகிறவர் நாயின் மூக்கிலிருந்து இரண்டு அடி தூரத்தில் போகிறார். போதாக்குறைக்கு, குளிர்ச்சியாக இருக்கிறதென்று நாய்ப் படுக்கையையும் வாசலுக்கு நேரே போட்டிருப்போம். நாமே பதவி கொடுத்து வாட்ச்மேன் நாற்காலியும் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

முதல் வேலை, பார்வையை மறைப்பது. கேட்டின் கீழ்ப்பாதியில், நாய் எழுந்து நின்றாலும் கண்ணுக்கு எட்டாத உயரம்வரை, மங்கலான ஒட்டுத்தாளோ மெல்லிய துணியோ கட்டுங்கள். மேல்பாதி திறந்திருப்பதால் காற்று வரும். மறைப்பு கேட்டின் உட்பக்கம்தான் இருக்க வேண்டும். தாழ்வாரத்தில் பலகை, செடித்தொட்டி, குழந்தைத் தடுப்பு என்று எதையாவது நிறுத்தினால் தீயணைப்பு விதிப்படி இருக்க வேண்டிய 1.2 மீட்டர் வழி அடைபடும், நகர மன்றத்திலிருந்து கடிதமும் வரும்.

இரண்டாவது, படுக்கையை உள்ளே தள்ளுங்கள். வாசல் தெரியாத மூலை எதுவானாலும் சரி. பக்கத்தில் ஒரு மின்விசிறியை ஓட விட்டால் காலடிச் சத்தம் பாதி அமுங்கிவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் சாயங்காலம் ஆட்கள் வீடு திரும்புகிற நேரத்திலும் மரக்கதவைச் சாத்திவிடுங்கள். இதெல்லாம் பயிற்சி இல்லை, தற்காப்பு. ஆனால் தற்காப்பு இல்லாமல் பயிற்சி பலிக்காது. பகலெல்லாம் சம்பளம் வாங்கிவிட்டு இரவு பத்து நிமிடம் நம்மிடம் பாடம் படிக்கிற நாய் எதையும் கற்காது.

இனிமேல்தான் பாடம். தாழ்வாரத்துச் சத்தங்களைக் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள்: மின்தூக்கியின் 'டிங்', செருப்புச் சத்தம், பக்கத்து வீட்டுச் சாவிக்கொத்து, கேட்டு இழுபடும் கிறீச். அதை மிகக் குறைந்த ஒலியில் ஒரு தடவை ஓட விடுங்கள். சத்தம் முடிந்தவுடன் பட்டாணி அளவு கோழித்துண்டு ஒன்று. வரிசை முக்கியம். சத்தம் முதலில், தீனி பிறகு. மாற்றிச் செய்தால், கையில் கோழியைப் பார்த்தாலே ஏதோ வரப்போகிறது என்று நாய் உஷாராகிவிடும்.

ஒரு முறைக்கு எட்டுப் பத்துத் தடவை, நாளைக்கு இரண்டு முறை போதும். காது திரும்பினால் பரவாயில்லை. எழுந்து விறைத்தாலோ, தீனியைக் கண்டும் வாங்காவிட்டாலோ ஒலி அதிகம், குறையுங்கள். நாய் சாப்பிட மறுக்கிற இடம்தான் அதன் தாங்கும் எல்லை. அதைத் தாண்டிவிட்டால் அன்றைக்குப் பாடம் ஏறாது. ஒரு பெரிய குரைப்புச் சண்டைக்குப் பிறகு நாயின் உடம்பு அடங்கவே சில மணி நேரமாகும், அதனால் அந்த நாளில் புதிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

கோழி வெறும் தண்ணீரில் வெந்ததாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் மாமியார் பாசத்தில் குழம்புக் கோழியைக் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், கழுவினாலும் சாறு இறங்கித்தான் இருக்கும். அது தெரிந்த அன்றே அவர் நிறுத்திவிட்டார். இப்போது வேகவைத்த கோழியைச் சிறு துண்டாக நறுக்கி டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைப்பது அவர் பொறுப்பு. என்னைவிட நேர்த்தியாக நறுக்குவார்.

பதிவுச் சத்தத்துக்கு நாய் உங்களைத் திரும்பிப் பார்த்துத் தீனி கேட்க ஆரம்பித்துவிட்டால் உண்மையான ஆள் வேண்டும். நான் மூன்றாவது வீட்டுப் பையனை ஒரு மைலோ பாக்கெட்டுக்கு அமர்த்தினேன். தாழ்வாரத்தின் கோடியிலிருந்து கோடிக்கு நடக்க வேண்டும், எங்கள் கேட்டைப் பார்க்கக் கூடாது. அவன் நிழல் தெரிந்தவுடன் கோழி, போனவுடன் கோழி நின்றுவிடும். ஆள் போவது சம்பளமாக இருந்த வீட்டில் ஆள் வருவது சம்பளமாக மாறியது. ஐந்தாறு வாரமானது.

அதட்டலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். நாய் கத்தும்போது நாமும் கத்தினால், வீட்டுக்காரரும் சேர்ந்து விரட்டுகிறார் என்றுதான் அதற்குத் தோன்றும். மின்னதிர்வுப் பட்டை, காரமான வாசனை பீய்ச்சும் பட்டை இரண்டும் வேண்டவே வேண்டாம். தாழ்வாரத்தில் ஆள் வந்தால் கழுத்தில் வலிக்கிறது என்று நாய் கற்றுக்கொண்டால் அந்த ஆளை அது இன்னும் வெறுக்கும். குரைப்பு நின்ற மாதிரித் தெரியும், ஒருநாள் நேரே கடியில் வந்து முடியும்.

"துணைக்கு இன்னொரு நாய் வாங்கிடுங்க, சரியாகிடும்" என்பவர்களும் உண்டு. வீவக வீட்டில் ஒரு நாய்க்குத்தான் அனுமதி. தரைவீட்டில் இருப்பவர்கள் மூன்றுவரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒன்று தொடங்கினால் மற்றதும் சேர்ந்து பாடும் என்பதை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

அழைப்புமணி அடித்தால் வெறிபிடித்த மாதிரி ஓடுகிறது

மேலே சொன்ன பாடத்தின் தொடர்ச்சிதான், ஆனால் ஒரு வசதி இருக்கிறது. மணி நம் கையில். பட்டனை நாமே அழுத்தலாம்.

ஒரு சின்னப் பாயை வாசலிலிருந்து தள்ளி, ஆனால் வாசல் தெரிகிற இடத்தில் விரியுங்கள். மணிச் சத்தமே இல்லாமல் முதலில் பாயில் படுக்கப் பழக்குங்கள். பாயில் காலை வைத்தால் தீனி, உட்கார்ந்தால் தீனி, படுத்தால் இரண்டு. மூன்று நான்கு நாளில் பாயை விரித்தவுடனே நாய் போய்ப் படுத்துக்கொண்டு உங்களைக் கடன்காரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். அதற்குப் பிறகு மணியைச் சேருங்கள். கைப்பேசியில் பதிந்த மணி, மெல்லிய ஒலி, உடனே "பாய்!" என்ற சொல், பாயில் தீனி. மணி அடித்தால் வாசலுக்கு என்றிருந்த பழைய பாடத்தை மணி அடித்தால் பாய்க்கு என்று மாற்றி எழுதுகிறோம்.

பொறுமை கெடுகிற இடம் ஒன்று வரும். மணிக்கு நாய் குரைத்து, நீங்கள் கவனிக்காமல் இருந்து, அது இன்னும் பலமாகக் குரைக்கும். பழைய சம்பளம் வரவில்லை என்றால் முதலில் கூடுதல் நேரம் உழைத்துப் பார்க்கும். சில நாள்தான். அந்தச் சில நாளில் மனம் இளகி வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினீர்களென்றால், இன்னும் சத்தமாகக் குரைத்தால் பலன் உண்டு என்று கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும்.

விநியோகிப்பவருக்கு எழுதும் குறிப்பில் 'மணி அடிக்க வேண்டாம், வாசலில் வைத்துவிட்டுக் குறுஞ்செய்தி அனுப்புங்கள்' என்று போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை வேலை செய்யாமலே தீரும். பயிற்சி முடியும்வரை அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மின்தூக்கியிலும் மின்தூக்கி வாசலிலும் மட்டும் சீறுகிறது

மின்தூக்கி ஒரு பெட்டி. ஓடவும் வழியில்லை, ஒதுங்கவும் வழியில்லை. கதவு திறந்தால் எதிரே முகத்துக்கு முகம் ஒரு மனிதர், சில சமயம் இன்னொரு நாய். இந்த இடத்தில் நாய் சீறுவது எனக்கு வியப்பாகவே இல்லை. அது சீறாமல் இருப்பதுதான் வியப்பு.

தானாக நீளும் கயிற்றை இங்கே எடுத்துவராதீர்கள். கதவு மூடும்போது நாய் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் என்றாகிவிட்டால் நினைக்கவே பயங்கரம். ஒன்றரை மீட்டருக்கு மேல் போகாத சாதாரணக் கயிறு, மார்புப் பட்டையோடு. நாய் ஓடியாடும் தனிப் பூங்காக்களைத் தவிரப் பொது இடத்தில் எங்கே போனாலும் கயிறு கட்டாயம் என்பதுதான் சட்டமும்.

கதவுக்கு நேரே நிற்காதீர்கள். ஐந்தாறு அடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று, உள்ளே ஆள் இருந்தால் "நீங்க போங்க, நாங்க அடுத்ததுல வர்றோம்" என்று சிரித்துவிட்டுத் திரும்பி நடந்துவிடுங்கள். இந்தத் திரும்பி நடப்பதையே ஆளில்லாத நேரத்தில் விளையாட்டாகப் பழக்குங்கள். "வா!" என்று சொல்லித் திரும்பினால் நாயும் திரும்ப வேண்டும், திரும்பினால் கோழி. உள்ளே போனால் மூலைக்குப் போய், நாயைச் சுவர்ப் பக்கம் விட்டு, உங்கள் கால்களை நடுவில் வையுங்கள். கதவு திறக்கும்போது நாய் பார்க்க வேண்டியது உங்கள் உள்ளங்கையை. மூக்கால் கையைத் தொட்டால் தீனி என்ற பழக்கம் இந்த இடத்துக்கென்றே செய்தது போலிருக்கும்.

எங்கள் மாடியில் ஒரு மக்சிக், அதாவது வயதில் மூத்த மலாய்ப் பெண்மணி, இருக்கிறார். முஸ்லிம்கள் பலர் நாயின் எச்சில் படாமல் பார்த்துக்கொள்வார்கள், பட்டால் முறைப்படி கழுவ வேண்டியிருக்கும். அவரைப் பார்த்தவுடன் நான் மிளகைச் சுவரோரம் ஒதுக்கி நிறுத்திவிடுவேன். முதல் வருடம் அவர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போய்விடுவார். இப்போது தூரத்தில் நின்றே "மிளாகு, சுடா மாக்கான்?" என்று, சாப்பிட்டாயா என்று விசாரிக்கிறார். அவன் வாலை ஆட்டுகிறான். ஆறடி இடைவெளியில் ஒரு நட்பு.

கீழ்த்தளத்தில் பூனை இருந்தால் அது வேறு கதை. பெரும்பாலும் துரத்தும் ஆசை, எல்லைக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. தூரம் வையுங்கள், பூனையைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் தீனி கொடுங்கள். தூண்தோறும் கால் தூக்குகிற நாயாக இருந்தால் முதலில் புல்வெளிக்குக் கூட்டிப்போய்விடுங்கள், கையில் ஒரு புட்டித் தண்ணீரும் இருக்கட்டும்.

விருந்தாளியை உள்ளே விடமாட்டேன் என்கிறது

வீட்டு வாசலில் அறிமுகம் செய்வதுதான் நாம் எல்லாரும் செய்கிற தவறு. நாய்க்கு அதுதான் எல்லைக்கோடு. கீழே, புளோக்குக்கு வெளியே சந்திக்க வையுங்கள். இருவரும் நாயும் பக்கத்துப் பக்கத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டுச் சேர்ந்து மேலே வாருங்கள். வாசலில் எதிரியாகத் தெரிந்திருக்கக்கூடிய ஆள் இப்போது கூட நடந்து வந்த ஆள். என் அண்ணன் விஷயத்தில் இதை ஒரே சாயங்காலத்தில் பார்த்தேன், எனக்கே நம்ப முடியவில்லை.

உள்ளே வந்ததும் விருந்தாளி உட்காரட்டும், நாயைப் பார்க்க வேண்டாம், கையை நீட்ட வேண்டாம், தலையைத் தடவ வேண்டவே வேண்டாம். தீனியைக் கையில் காட்டி அருகே அழைப்பதும் தவறு. பயந்த நாய் தீனி ஆசையில் கிட்டே வந்துவிட்டு, தின்று முடித்ததும் திடுக்கிட்டுக் கடிக்கும். தீனியை நாய்க்குப் பின்னால் தூக்கிப் போடச் சொல்லுங்கள். அது விலகிப் போய்ச் சாப்பிடும், தானாகத் திரும்பி வரும், மறுபடி பின்னால் ஒன்று.

தீபாவளிக்கு இதெல்லாம் நடக்காது. காலையிலிருந்து இரவுவரை முப்பது பேர் வருவார்கள், பிள்ளைகள் ஓடும், முறுக்குத் தட்டு நாயின் உயரத்தில் இருக்கும். அன்றைக்குப் பயிற்சி கிடையாது. முதல் விருந்தாளி வருவதற்கு முன்பே நாயை ஓர் அறையில் விட்டு, மின்விசிறி, தண்ணீர், நக்கித் தின்ன ஏதாவது கொடுத்துக் கதவைச் சாத்தி, 'திறக்காதீர்கள்' என்று தாளில் எழுதி ஒட்டுங்கள். ஒட்டினாலும் ஒரு சித்தப்பா திறப்பார், அதனால் பூட்டே நல்லது. இங்கே 1972இல் கொண்டுவந்த சட்டத்தால் வெடி இல்லை, அந்தவகையில் நம் நாய்கள் கொடுத்துவைத்தவை. சீனப் புத்தாண்டில் சிங்க நடனக் கொட்டுக்கு நாய் நடுங்கினால் அதை எல்லைக் காவலோடு சேர்க்காதீர்கள், அது சத்த பயம்.

புதிதாக வந்த பணிப்பெண்ணைக் கிட்டே சேர்க்கவில்லை

இந்த ஊருக்கே உரிய சிக்கல். நேற்றுவரை முகம் தெரியாத ஒருவர் இன்று பெட்டியோடு வந்து வீட்டிலேயே தங்கிவிடுகிறார், காலையில் எல்லாரும் வேலைக்குப் போனபின் அவரும் நாயும் தனியே. நாய்க்கும் கஷ்டம், அந்தப் பெண்ணுக்கு அதைவிடக் கஷ்டம். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர், பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நாம்தான் கேட்க வேண்டும். நாய் உண்டு என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நேர்மை.

முதல் வாரம் யாராவது ஒருவர் விடுப்பு எடுங்கள். காலையும் மாலையும் மூவரும் சேர்ந்து நடங்கள், கயிறு உங்கள் கையில். மூன்று நான்கு நாள் கழித்துக் கயிறு அவர் கைக்குப் போகட்டும், நீங்கள் பக்கத்தில். சாப்பாட்டுக் கிண்ணம் இனி அவர் கையால் வைக்கப்பட வேண்டும். அதுவரை தனியே விட நேர்ந்தால் இருவருக்கும் நடுவில் ஒரு குழந்தைத் தடுப்பு இருக்கட்டும். துடைப்பமும் நீளத் துடைப்பானும் சில நாய்களுக்கு எமன், முதல் நாள்களில் நாய் இருக்கிற அறையில் பெருக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

வீட்டுக்குள் கால் தூக்குகிறது

அளவைப் பாருங்கள். சோபா முனை, திரைச்சீலை, விருந்தாளியின் பை, புதிதாக வந்த தள்ளுவண்டி என்று நிமிர்ந்து நிற்கும் பொருளில் கொஞ்சமாகத் தெளித்தால் அது எல்லைக் குறி. தரையில் குளம் கட்டினால் அடக்க முடியாமல் போனது. அடிக்கடி முக்கினாலோ இரத்தம் கலந்து வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

குறியிட்ட இடத்தை நொதி கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைக்க வேண்டும். நம் மூக்குக்கு வாசனை போய்விட்டால் போதாது. அம்மோனியா உள்ள திரவம் சிறுநீர் வாசனையையே நினைவுபடுத்தும், தவிருங்கள். புதுப் பொருள் வந்தால் சில நாள் நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஆண் நாய்க்குக் கருத்தடை செய்தால் இந்தப் பழக்கம் பெரும்பாலும் நன்றாகக் குறையும், பயத்தில் குரைப்பதற்கு அது மருந்தில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏமாறுகிறவர்கள் நிறைய. கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டு உரிமம் 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி என்பது இன்னொரு காரணம்.

சோபாவிலிருந்து இறங்கச் சொன்னால் உறுமுகிறது

இது வீட்டெல்லை அல்ல, பொருளைக் காப்பது. இழுத்து இறக்காதீர்கள். தரையில் தீனி போட்டு "இறங்கு" என்று சொல்லி, இறங்கினால் பாராட்டுங்கள். கிண்ணத்தைப் பிடுங்கிப் பழக்கும் பழைய முறை நாயைத் திருந்த வைக்காது, வேகமாக விழுங்கத்தான் வைக்கும். தாண்டிப் போகும்போது கிண்ணத்தில் ஒரு துண்டு கோழியைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

இத்தனை நாள் இல்லாமல் திடீரென்று தொடங்கியது

பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன் மருத்துவர். காது வலி, பல் வலி, இடுப்பு மூட்டு, தைராய்டு, வயதான நாய்க்குப் பார்வை மங்குவது, எல்லாமே சிடுசிடுப்பாகத்தான் வெளியே தெரியும். நடுத்தர வயதைத் தாண்டிய நாய் ஒரு மாதத்துக்குள் குணம் மாறினால் பழக்கம் என்று தள்ளிவிடாதீர்கள்.

உறுமியது, கடிக்கப் பாய்ந்தது

உறுமலுக்குத் தண்டிக்காதீர்கள். அது எச்சரிக்கை மணி. மணியை அறுத்துவிட்டால் தீ அணையாது, தீ வந்தது தெரியாமல் போகும், அவ்வளவுதான். உறுமினால் அந்த இடத்தைவிட்டு எல்லாரையும் விலக்குங்கள், எது தூண்டியது என்று எழுதி வையுங்கள்.

கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிங்கப்பூரில் 1953இலிருந்து வெறிநாய்க்கடி நோய் இல்லை, ஆனால் நாயின் வாயில் உள்ள கிருமியால் காயம் சீழ்பிடிக்கலாம், டெட்டனஸ் ஊசியும் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் தனியே போராட வேண்டாம். பயிற்சியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் நாய் தவறு செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" கயிற்றைச் சுண்டுவேன், மல்லாத்திப் படுக்கவைப்பேன், யார் தலைவர் என்று காட்டுவேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நான் ஒருவரிடம் இரண்டு வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு, முதல் வகுப்பிலேயே மிளகு என் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டதைப் பார்த்து நிறுத்தினேன். பணம் போனது போனதுதான்.

கூடை வடிவ வாய்க்கவசத்தை அவமானமாக நினைக்காதீர்கள். அதற்குள் மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், தீனியும் வாங்கலாம். துணிப்பட்டை வகை வாயை இறுக்கிவிடும், நம் வெயிலுக்கு அது ஆபத்து. இரண்டு வாரம் அந்தக் கூடைக்குள் தீனி வைத்துப் பழக்கிய பிறகே பட்டியை மாட்டுங்கள்.

வாசலில் சீட்டு வந்துவிட்டது

எங்களுக்கும் வந்தது. கேட்டுக் கம்பியில் மடித்துச் செருகிய தாள், ஆங்கிலத்தில் இரண்டே வரி: உங்கள் நாய் தினமும் காலை 6.40க்குக் குரைக்கிறது, எங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பெயர் இல்லை. மாமியாருக்கு ஒரே கோபம். "நேரா வந்து சொல்றதுக்கு என்ன?" என்று நாள் முழுக்கப் புலம்பினார்.

எனக்கு மட்டும் அந்த 6.40 உறுத்திக்கொண்டே இருந்தது. நான் ஆறேகாலுக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவேன், மாமியார் அப்போது குளியலறையில். வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு குரைப்பு. மறுநாள் பழைய கைப்பேசியை வைத்துப் படம்பிடித்தேன். 6.38க்கு மிளகு தலையைத் தூக்குகிறான். 6.40க்குத் தாழ்வாரத்தில் கடகடவென்று ஒரு சத்தம், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையின் சக்கரம் வைத்த புத்தகப்பை. எங்கள் வாசலுக்கு எதிரே தரை ஓடு ஒன்று பெயர்ந்திருக்கிறது, அதில் சக்கரம் ஏறி இறங்கும்போது இடி மாதிரிக் கேட்கிறது.

சீட்டு வந்தால் முதலில் அதில் எழுதியிருக்கிற நேரத்தைப் பாருங்கள். பிறகு யார் வீடு என்று தெரிந்தால் நேரில் போய், என்ன செய்துகொண்டிருக்கிறோம், எத்தனை வாரமாகும் என்று சொல்லிவிடுங்கள். பேச்சு முற்றிவிட்டால் சமூக சமரச நிலையம் இருக்கிறது. அங்கே போகும்போது, எப்போது எதற்குக் குரைத்தது என்று எழுதிவைத்த குறிப்பேடும் கைப்பேசியில் பிடித்த படங்களும் கையில் இருந்தால் நல்லது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான்: பெயர்ந்த ஓட்டைப் படமெடுத்து நகர மன்றத்துக்கு அனுப்பினோம், மிளகின் காலை நடையை 6.30க்கு மாற்றினோம். இப்போது 6.40க்கு அவன் கீழே புல்வெளியில் மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறான், கயிறு மாமியார் கையில்.